ஏழாம் அத்தியாயம்: நெட்வொர்க் சேமிப்பு டிரைவரில் பிழைதேடும் மாற்றங்களைப் பரிசீலித்தல்

பிழையைத் திருத்தும் பேட்ச் ஒன்று பரிசீலனைக்கு வந்தால் வரிவரியாக நின்று வாதாடுகிற பொறியாளர்கள்கூட, பிழையைத் தேடுவதற்காக நாலு செய்தி வரிகளைச் சேர்க்கிற பேட்ச் வந்துவிட்டால், "அச்சிடுவதுதானே, இதனால் என்ன கெட்டுவிடப் போகிறது?" என்று எண்ணி, மேலெழுந்தவாரியாகப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிடுவது சாதாரணமாக நடக்கிற காரியம். கெர்னலின் சில மூலைகளில் இந்த அலட்சியத்துக்குத் தண்டனை கிடைக்காமல் போகலாம். ஆனால் நெட்வொர்க்குக்கு அப்பால் இருக்கும் டிஸ்கை இயந்திரத்துக்குள்ளேயே இருப்பதுபோலக் காட்டுவதைத் தொழிலாகக் கொண்ட டிரைவரில், பிழைதேடும் வரியும் டிரைவரின் ஓர் அங்கமாகவே ஓடுகிறது என்பதையும், மற்ற வரிகளுக்குரிய சகல நியமங்களும் அதற்கும் உண்டு என்பதையும் பரிசீலிப்பவர் மறக்கலாகாது.

இந்த அத்தியாயம் லினக்ஸ் கெர்னலை ஆதாரமாகக் கொண்டது. உதாரணங்களைப் பெரும்பாலும் ஐஸ்கஸி டிரைவரிலிருந்து எடுத்திருக்கிறோம். 2004 இல் ஆர்எஃப்சி 3720 ஆக வெளிவந்து, 2014 இல் ஆர்எஃப்சி 7143 ஆகத் திரட்டித் தொகுக்கப்பட்ட இந்த நெறிமுறை, ஸ்கஸி கட்டளைகளை டிசிபி இணைப்பில், வழக்கமாக 3260 ஆம் போர்ட்டில், ஏற்றி அனுப்புகிறது. லினக்ஸ் 5.0 உடன் 2019 இல் சேர்ந்த என்விஎம்இ ஓவர் டிசிபி டிரைவருக்கும், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வழங்கிவரும் என்பிடி டிரைவருக்கும் இங்கே கூறும் விதிகள் பொருந்தும்.

1. இந்த டிரைவரின் விசேஷம்

நெட்வொர்க் சேமிப்பு டிரைவர் இரண்டு உலகங்களுக்கு இடையில் நிற்கிறது: மேலே பிளாக் லேயர், கீழே டிசிபி அடுக்கு. இந்த நிலையிலிருந்து இரண்டு சங்கடங்கள் பிறக்கின்றன.

முதலாவது, நினைவகத்தைப் பற்றியது. இயந்திரத்தில் நினைவகம் குறையும்போது, கெர்னல் மாற்றமடைந்த பக்கங்களை டிஸ்கில் எழுதி இடத்தை விடுவிக்க முயலுகிறது; அந்த டிஸ்க் நெட்வொர்க்குக்கு அப்பால் இருக்குமானால், அந்த எழுத்து இந்த டிரைவரின் வழியாகவே போயாக வேண்டும். அச்சமயம் டிரைவருக்குள் இருக்கும் ஒரு பிழைதேடும் வரி, பாக்கெட்டை அழகாக அச்சிடுவதற்கென்று சாதாரண முறையில் நினைவகம் கேட்குமாயின், நினைவகத்துக்காக டிஸ்கும் டிஸ்குக்காக நினைவகமும் ஒன்றையொன்று எதிர்பார்த்து அசையாமல் நின்றுவிடும். ஆகவே, சேர்க்கப்பட்ட வரிகளில் நினைவக ஒதுக்கீடு ஏதேனும் இருந்தால், அது ஜிஎஃப்பி_நோஐஓ போன்ற, டிஸ்கைத் தொடாத கொடியுடன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அந்த ஒதுக்கீடே அவசியந்தானா என்று கேட்பது உத்தமம்.

இரண்டாவது, செய்தி போய்ச் சேரும் இடத்தைப் பற்றியது. ரூட் ஃபைல்சிஸ்டமோ லாக் ஃபைல்கள் இருக்கும் பகுதியோ ஐஸ்கஸி டிஸ்கின்மேல் அமைந்திருந்தால், டிரைவர் அச்சிடும் ஒவ்வொரு வரியையும் சிஸ்லாக் சேவை அந்த டிஸ்கிலேயே எழுதுகிறது. அந்த எழுத்து ஒரு புதிய கோரிக்கையாக டிரைவருக்கு வருகிறது. அந்தக் கோரிக்கை மேலும் இரண்டு வரிகளை அச்சிடுகிறது. குடிக்கிற கிணற்றிலேயே இறங்கித் தூர் வாருகிறவன் கலங்கிய நீரைக் கண்டு, கிணற்றின்மேல் குற்றம் சொல்வதற்கு ஒப்பான நிலை இது. சரி, டிஸ்க் வேண்டாம், நெட்கன்சோல் மூலம் வேறோர் இயந்திரத்துக்கு அனுப்புவோம் என்றால், அந்தச் செய்தியும் பெரும்பாலும் அதே நெட்வொர்க் கார்டின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தேடுகின்ற வழியும் தேடப்படுகின்ற வழியும் ஒன்றாகிவிடுகிற இந்த விசித்திரமே, இவ்வகை மாற்றங்களைப் பரிசீலிப்பதில் உள்ள கஷ்டங்களுக்கெல்லாம் மூலகாரணம்.

2. முதலில் விளக்கவுரையைப் படியுங்கள்

நிரலைத் திறப்பதற்கு முன், பேட்சின் விளக்கவுரை மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறதா என்று பாருங்கள்: எந்தக் கோளாற்றைத் தேட இந்த மாற்றம் பிறந்தது, இருக்கிற வசதிகள் ஏன் போதவில்லை, கோளாறு அகப்பட்ட பின்னும் இவ்வரிகள் ஏன் கெர்னலில் நிலைத்திருக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத பேட்சுகளே அதிகம். ஒருவர் தம் மேசையில் ஒரு வாரம் வைத்துக்கொள்ள வேண்டிய மாற்றத்தை, உலகத்து இயந்திரங்கள் அனைத்திலும் பல வருஷங்கள் சுமக்கச் சொல்வது நியாயமாகாது. "இணைப்பு அறுந்து மீண்டும் கூடும்போது எந்தக் கட்டளைகள் திரும்ப அனுப்பப்பட்டன என்பது இன்றுள்ள செய்திகளிலிருந்து தெரியவில்லை" என்று எழுதியிருந்தால், அது நிலைத்த தேவை. "இங்கே வருகிறதா என்று பார்க்க" என்று எழுதியிருந்தால், அது எழுதியவருடைய சொந்தத் தேவை.

விளக்கவுரையோடு ஒட்டிய இன்னொரு சோதனையும் உண்டு. பிழைதேடும் பேட்ச் என்ற பெயரில் வரும் மாற்றத்துக்குள், ஃபங்ஷன் திருப்பித்தரும் பிழை எண் சத்தமில்லாமல் மாறியிருக்கும். அல்லது நிபந்தனை ஒன்று வசதிக்காக இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இவ்வாறு நடத்தையை மாற்றும் வரியும் அச்சிடும் வரியும் ஒரே பேட்சில் கலந்திருந்தால், தயங்காமல் இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். நாளைக்கு ஒருவர் கிட் பைசெக்ட் மூலம் ஒரு கோளாற்றின் மூலத்தைத் தேடும்போது, "செய்தி வரிகள் சேர்ப்பு" என்ற தலைப்புள்ள மாற்றத்தில் வந்து நின்று அவர் திகைப்பதற்கு நீங்கள் காரணமாக இருக்கலாகாது.

3. கருவி பொருத்தமானதா?

கெர்னல் தருகிற சாதனங்கள் பல. எப்பொழுதும் அச்சிடும் பிரின்ட்கே. வேண்டும்போது மட்டும் இயக்கக்கூடிய டைனமிக் டீபக். அச்சிடாமல் நினைவகத்து வளையத்தில் குறித்துவைக்கும் டிரேஸ் பாயின்ட். நடப்பு நிலையைக் கேட்டவுடன் காட்டும் டிபக்எஃப்எஸ். இவற்றில் எது எதற்கு என்ற விவேகம் பரிசீலிப்பவருக்கு வேண்டும்.

நிர்வாகி அறிந்தே ஆகவேண்டிய சம்பவத்துக்கு, அதாவது இணைப்பு அறுந்தது, செஷன் மீண்டது போன்றவற்றுக்கு, பிரின்ட்கே தகும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிகழ்வதைப் பதிய டிரேஸ் பாயின்ட்டே தகும். என்பிடி டிரைவரில் கோரிக்கையின் தலைப்பு அனுப்பப்பட்டது, தரவு அனுப்பப்பட்டது, பதில் வந்தது என்று தனித்தனி டிரேஸ் நிகழ்ச்சிகள் இருப்பது இதற்கு நல்ல முன்மாதிரி. இடைநிலைச் செய்திகளுக்கு டைனமிக் டீபக் போதும். ஐஸ்கஸியின் பொது மாட்யூலில் இணைப்பு, செஷன், பிழைமீட்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஸ்விட்ச் இருப்பதுபோல், வகைபிரித்துத் திறக்கும்படி இருந்தால் இன்னும் நன்று.

டிரேஸ் பாயின்ட்டைச் சிபாரிசு செய்யும்போது அதன் பொறுப்பையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பயனர் கருவிகள் அதன் புலங்களை நம்பத் தொடங்கிவிட்டால், பின்னர் அவற்றை இஷ்டம்போல் மாற்ற இயலாது. 2011 இல் டிரேஸ் நிகழ்ச்சிகளிலிருந்து பயனற்றதாகத் தோன்றிய ஒரு பொதுப் புலத்தை நீக்கியபோது பவர்டாப் என்னும் கருவி உடைந்துபோகவே, அப்புலம் இருந்த இடத்தை வெறும் நிரப்பாகவாவது திரும்ப வைக்க நேர்ந்தது. ஆகையால், புலங்களைச் சிக்கனமாகவும் யோசனையுடனும் தேர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

டிபக்எஃப்எஸ் ஃபைலைச் சேர்க்கும் மாற்றத்தில் இரண்டு அபாயங்கள். டிஸ்க் நீக்கப்படும் வேளையில் ஒருவர் அந்த ஃபைலைப் படித்துக்கொண்டிருக்கலாம். ஆகவே, முதலில் ஃபைல் நீங்கவேண்டும், அதன் பிறகே அது சுட்டும் நினைவகம் விடுவிக்கப்படவேண்டும். அடுத்து, ஃபைலைப் படிக்கும் ஃபங்ஷன் எடுக்கும் பூட்டையே கையில் வைத்துக்கொண்டு ஃபைலை நீக்க முற்பட்டால், நீக்குபவர் படிப்பவருக்காகவும் படிப்பவர் பூட்டுக்காகவும் முடிவின்றிக் காத்திருப்பார்கள்.

4. வரி நிற்கும் இடம்

பரிசீலனையில் அதிக நேரம் செலவிடவேண்டிய பகுதி இதுவே. ஒவ்வொரு புதிய வரிக்கும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இவ்விடத்தில் உறங்கலாமா? இவ்வரி தொடுகிற பொருள் இந்நேரம் உயிருடன் இருக்கிறதா?

டிசிபி சாக்கெட்டில் தரவு வந்ததை அறிவிக்கும் கால்பேக், சாஃப்ட்ஐஆர்க்யூ சூழலில் ஓடுகிறது. அங்கே உறங்குவதற்கு அனுமதி இல்லை. செஷனின் பெயரைச் செய்தியில் சேர்ப்பதற்காக ஒரு மியூடெக்ஸை எடுக்கிற உதவி ஃபங்ஷனை அவ்விடத்தில் அழைத்தால், பூட்டு காலியாக இருக்கும் வரையில் எல்லாம் சரியாகத் தோன்றும். போட்டி வந்த அன்று இயந்திரம் நிற்கும். அழைக்கப்படும் உதவி ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகத் திறந்து அடிவரை பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்விக்கு ஓர் உதாரணத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கட்டளைக்குப் பதில் வந்தவுடன் ஓடும் ஃபங்ஷனில், கோரிக்கையை முடித்து பிளாக் லேயரிடம் ஒப்படைக்கும் வரி ஒன்று இருக்கிறது; பேட்ச் எழுதியவர் "முடிந்த பிறகுதானே முடிந்தது என்று சொல்லவேண்டும்" என்ற இயல்பான நியாயத்தைக் கொண்டு, அதற்கு அடுத்த வரியில் கோரிக்கையின் டேக் எண்ணையும் நீளத்தையும் அச்சிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்த அக்கணமே அந்தக் கோரிக்கை டிரைவருக்கு அந்நியமாகிவிடுகிறது. அதே டேக்கை வேறொரு சிபியூவில் ஓடும் வேறொரு செயல் எடுத்துக்கொண்டு, அதில் தன்னுடைய நீளத்தை எழுதியிருக்கலாம். விளைவு யாதெனில், 17 ஆம் டேக்கில் 4,096 பைட் முடிந்திருக்க, லாக்கில் 65,536 பைட் முடிந்ததாக வரி விழும். அதைப் படிக்கும் பொறியாளர் இல்லாத கோளாறு ஒன்றைத் துரத்திக்கொண்டு போவார். கோரிக்கையைத் தாங்கிய நினைவகமே விடுவிக்கப்பட்டிருந்தாலோ, பொய்ச் செய்தியோடு நிற்காமல் கெர்னலே விழக்கூடும். வேண்டிய மதிப்புகளை ஒப்படைப்பதற்கு முன்பே உள்ளூர் மாறிகளில் எடுத்துக்கொள்ளச் சொல்வது, அல்லது செய்தி வரியை ஒரு வரி மேலே ஏற்றச் சொல்வது, இவையே பரிகாரம்.

5. அணைந்திருக்கும்போது என்ன நடக்கிறது?

டைனமிக் டீபக் வரி இயக்கப்படாதபோது, அதன் ஆர்குமென்ட்டுகள் கணக்கிடப்படுவதே இல்லை. இது நல்லதுதான், ஆனால் அந்த ஆர்குமென்ட்டுக்குள் யாரேனும் ஓர் எண்ணியை ஒன்று கூட்டியிருந்தாலோ, வரிசையிலிருந்து ஒன்றை எடுக்கும் ஃபங்ஷனை அழைத்திருந்தாலோ, டீபக் திறந்த இயந்திரமும் திறக்காத இயந்திரமும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். பார்க்கும்போது மறைந்து, பார்க்காதபோது தோன்றுகிற மாயக் கோளாறுகளில் ஒரு பங்கு இவ்வாறு பிறப்பதே. மாறாக, செய்தி வரிக்கு வெளியே, அதற்காகவே நீண்ட சரம் ஒன்றைத் தயாரிக்கும் நிரல் இருந்தால், டீபக் அணைந்திருந்தாலும் அந்தச் செலவு ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆகிக்கொண்டே இருக்கும். இரண்டு திசையிலும் பாருங்கள்.

வார்ன்_ஆன், பக்_ஆன் முதலிய உறுதிமொழிகளுக்குத் தனிக் கவனம் தேவை. இயந்திரத்தையே வீழ்த்தும் பக்_ஆனைப் புதிதாகச் சேர்ப்பதை கெர்னல் சமூகம் வரவேற்பதில்லை. வார்ன்_ஆன்கூட, டிரைவரின் உள்விதி மீறப்பட்டதைக் காட்டுவதற்கு உரியதே தவிர, நெட்வொர்க்கிலிருந்து வந்த பாக்கெட் தவறாக இருப்பதைக் காட்டுவதற்கு உரியதன்று. எச்சரிக்கை வந்தவுடன் நின்றுவிடும்படி அமைக்கப்பட்ட இயந்திரங்கள் உண்டு. எதிர்முனையில் இருக்கும் சர்வர் ஒரு கெட்ட பாக்கெட் அனுப்பி அவற்றை வீழ்த்த முடியும் என்றால், பிழைதேட வைத்த வரியே பாதுகாப்புக் குறையாகிவிடும்.

6. அச்சிடப்படும் மதிப்பு மெய்தானா?

ஐஸ்கஸி தன் எண்களைப் பெரிய பைட் முதலில் வரும் வரிசையில் அனுப்புகிறது. எக்ஸ்86 இயந்திரமோ சிறிய பைட்டை முதலில் வைக்கிறது. மாற்றிக்கொள்ளாமல் அப்படியே அச்சிட்டால், 4,096 பைட் கேட்ட கட்டளை 1,048,576 பைட் கேட்டதாக லாக்கில் தோன்றும். என்விஎம்இயின் கட்டளைப் புலங்கள் எதிர்வரிசையில் இருப்பதால், ஒரு டிரைவரைப் பார்த்து இன்னொரு டிரைவருக்குச் செய்தி வரியை நகலெடுப்பவர்கள் இங்கே தவறுவார்கள். ஸ்பார்ஸ் கருவியை ஓட்டினால் இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவை அகப்பட்டுவிடும்.

சுட்டிகளின் முகவரியை அச்சிடும் சாதாரண வடிவம், லினக்ஸ் 4.15 முதல் மெய்யான முகவரிக்குப் பதிலாக மறைத்த மதிப்பையே தருகிறது. இரண்டு வரிகள் ஒரே பொருளைப் பற்றியவையா என்று ஒப்பிட அதுவே போதும். "மெய்யான முகவரி தெரியவில்லையே" என்று மறைக்காத வடிவத்துக்கு மாற்றியிருந்தால், கெர்னலின் அந்தரங்கம் லாக் வழியே வெளியாகிறது, அதை அனுமதிக்கவேண்டாம். அதுபோலவே, லாகின் கட்டத்துப் பாக்கெட்டுகளை முழுமையாக ஹெக்ஸ் எண்களாகக் கொட்டும் வரி, சாப் அங்கீகாரத்தின் சவாலையும் விடையையும் சேர்த்துக் கொட்டிவிடும். ரகசியம் எளிதாக இருந்தால், அவ்விரண்டையும் வைத்தே அதை ஊகிக்க முயல இடமுண்டு. தரவுப் பாக்கெட்டுகளைக் கொட்டினாலோ, டிஸ்கில் உள்ள பிறருடைய கடிதமும் கணக்கும் லாக்கில் வந்துவிடும். தலைப்பை மட்டும் அச்சிடுவது என்பதைப் பொதுவிதியாகக் கொள்ளுங்கள்.

7. காலக் கணக்கு

சீரியல் கன்சோல் 115,200 பாட் வேகத்தில் இயங்கும்போது, எழுத்துக்குப் பத்து பிட் வீதம் வினாடிக்கு 11,520 எழுத்துகள் போகும். நூறு எழுத்துள்ள ஒரு வரிக்கு ஏறக்குறைய 8.7 மில்லிவினாடி ஆகிறது. 600 வரிகளுக்கு ஐந்து வினாடிக்குமேல் ஆகிறது. ஓப்பன்-ஐஸ்கஸியின் இயல்பான அமைப்பில், எதிர்முனை உயிருடன் இருக்கிறதா என்று விசாரிக்கும் நாப்-அவுட் செய்திக்கு ஐந்து வினாடிக்குள் பதில் வராவிட்டால் இணைப்பு அறுந்ததாகவே கொள்ளப்படும். ஆகவே, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு 600 வரிகளை அச்சிடும் பேட்ச், இணைப்பு ஏன் அறுகிறது என்று கண்டறிய வந்து, தானே இணைப்பை அறுத்துவிடக்கூடும். இந்தப் பெருக்கலை ஒவ்வொரு பேட்சுக்கும் செய்து பாருங்கள்.

கெர்னலின் செய்தி வளையமும் எல்லையற்றதன்று. இயல்பான அளவாகிய 128 கிலோபைட்டில் அத்தகைய வரிகள் சுமார் 1,300 தான் தங்கும். கோளாற்றின் முதல் அறிகுறி, பின்வந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். இதற்காக வேகவரம்பு வைத்தால், இயல்பாக ஐந்து வினாடிக்குப் பத்துச் செய்திகள் மட்டும் தப்பும். அது வெள்ளத்தைத் தடுக்கும், ஆனால் வரிகளை எண்ணிக் கோரிக்கைகளைக் கணக்கிட நினைப்பவரை ஏமாற்றிவிடும். எண்ணிக்கை வேண்டுமானால் எண்ணியை வைக்கச் சொல்லுங்கள். வரிசைக்கிரமம் வேண்டுமானால் டிரேஸ் பாயின்ட்டைக் கேளுங்கள்.

8. சோதனையும் பதிலும்

படித்து முடித்தபின் ஓட்டிப் பாருங்கள். லாக்டெப், கேசன், அணுச்சூழலில் உறங்குவதைக் கண்டுபிடிக்கும் சோதனை ஆகிய மூன்றும் இயக்கப்பட்ட கெர்னலில், டீபக் முழுவதையும் திறந்துவைத்து, எழுதும் சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க்கைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள். நினைவகத்தைக் குறைத்து இன்னொரு முறை செய்யுங்கள். கடைசியாக, டீபக்கை அணைத்து, வேகம் முன்போலவே இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். நல்ல நிலையில் ஓடும் வழியை மட்டும் சோதிப்பது போதாது. பிழைதேடும் வரிகள் பெரும்பாலும் பிழைமீட்புப் பாதையில்தான் இருக்கின்றன, அப்பாதையோ சாதாரண நாட்களில் ஓடுவதே இல்லை.

பதில் எழுதும்போது, "இது சரியில்லை" என்று நிறுத்தாமல், எந்த வரி, எந்தச் சூழலில், எவ்வாறு கெடும் என்பதை எழுதுங்கள். "இவ்வரி ஓடும்போது கோரிக்கை ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டுவிட்டது, டேக்கை முன்பே எடுத்துவைத்துக்கொள்ளவும்" என்ற ஒற்றை வாக்கியம், ஒரு பக்கத்துக் கண்டனத்தைவிட அதிகப் பிரயோசனம் தரும். அவசியமான திருத்தம் எது, உங்கள் விருப்பம் மட்டும் எது என்று பிரித்துச் சொல்வதும் மரியாதை. கோளாறு எதையும் திருத்தாத பேட்சை ஸ்டேபிள் கிளைகளுக்கு அனுப்பும்படி குறித்திருந்தால், அக்குறிப்பை நீக்கச் சொல்லுங்கள்; அக்கிளைகள் மெய்யான கோளாறுகளைத் திருத்துவதற்கே உரியவை.

ரிவ்யூட்-பை என்ற வரியில் உங்கள் பெயரை இடுவது, இம்மாற்றத்தைத் தொழில்நுட்ப ரீதியில் ஆராய்ந்து, கெர்னலில் சேரத் தகுந்தது என்று கண்டேன் என்று நீங்கள் அளிக்கும் சாட்சியம். செய்தி வரி ஒன்றுதானே என்று சாட்சியத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். எங்கோ ஒரு டேட்டா சென்டரில் நள்ளிரவில் டிஸ்க் பதில் சொல்லாமல் நிற்கும்போது, பணியில் இருக்கும் நிர்வாகி நம்பிச் செயல்படப்போவது அந்த ஒரு வரியைத்தான்.